பாத எரிச்சல்: சர்க்கரையோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள்

“பகலில் தெரிவதில்லை டாக்டர், படுத்தால்தான் பாதம் தீயாய் எரிகிறது. போர்வை பட்டாலே பொறுக்க முடியவில்லை.” சொல்பவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் போதும், காரணம் கிடைத்துவிட்டது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், சர்க்கரை உள்ளவருக்கு வேறு காரணமும் கூடவே இருக்கலாம்.

அதனால்தான், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறேன். மேசையில் கொட்டினால் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் இருக்கும். பக்கத்திலேயே, யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடரும் அசிடிட்டி மாத்திரை. இரண்டுமே நரம்புக்குத் தேவையான பி12 வைட்டமின் உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை. அவர் பாலும் தயிரும் அதிகம் சேர்க்காத சைவர் என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கீரையில் பி12 கிடையாது. குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் நரம்பு தேறிவர வாய்ப்புண்டு. ஆண்டுக்கணக்கில் விட்டால் முழுதாகத் திரும்பாது.

இதற்குக் குறுக்கே நிற்பது நம் ஊர் ‘சத்து ஊசி’. ரத்தம் எடுக்கும் முன்பே போட்டுக்கொண்டால் பி12 அளவு உயர்ந்து, குறை இருந்த தடயமே மறைந்துவிடும். முதலில் பரிசோதனை, பிறகு ஊசி. பி6 மாத்திரையும் அளவு மீறி நெடுநாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மது, தைராய்டு குறைபாடு, காசநோய்க்கான ஐசோனியாசிட் மாத்திரை ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். தொழுநோய் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

நரம்புக் கடத்தல் பரிசோதனை நார்மல் என்று வந்ததும் “எல்லாம் மனப்பிரமை” என்று பட்டம் கட்டுவது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். அந்தக் கருவி அளப்பது தடித்த நரம்பு நார்களை. எரிச்சலைக் கடத்தும் மெல்லிய நார்கள் அதன் கண்ணில் படுவதில்லை.

பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள் வலியைத் தணிக்கும், காரணத்தைத் தொடாது. பலன் தெரிய சில வாரங்கள் ஆகலாம். தூக்கக் கலக்கம் வரும். தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மரத்த பாதத்தை வெந்நீரில் வைக்கவே வேண்டாம். கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சூடே தெரியும்.

கால் பலவீனம் சில நாள்களுக்குள் மேலேறி வந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.