உடலுக்குள் வந்த கருவிக்கு யார் பொறுப்பு?

காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை மின்துடிப்பாக்கிக் கேட்பு நரம்புக்கு அனுப்பும் கருவி) பொருத்தலாமா என்று ஆலோசனைக்கு வரும் பெற்றோர், அறுவை சிகிச்சை எவ்வளவு நேரம் ஆகும், பிள்ளை எப்போது பேசும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள்; ஆனால் அந்தக் கருவியைச் செய்த நிறுவனம் முப்பது ஆண்டுகள் கழித்தும் இருக்குமா என்று, செவித்திறன் வல்லுநராகிய என்னிடம் அநேகமாக எவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அது. தோலுக்கு அடியில் வைக்கப்படும் உள்பகுதி, வெளியே அணியும், அதே நிறுவனத்தின் ஒலிச்செயலியோடு மட்டுமே இயங்கும். வயர் அறுந்தாலோ, பழைய மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றாலோ, பழகிய கேட்டலை இழப்பது பிள்ளைதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகப் பொருத்திக்கொண்ட எளிய குடும்பங்களுக்குப் பின்னாளைய பராமரிப்புச் செலவு பெரும் சுமையாகிறது.

மனிதருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான எல்லை அழிந்துவருகிறது என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டோனா ஹாராவே 1985இல் எழுதினார். எல்லை அழிந்தது உண்மைதான். உரிமைப் பத்திரம் மட்டும் அழியவில்லை. கலிபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயால் பார்வையிழந்தோருக்காக 60 மின்முனைகள் கொண்ட ஆர்கஸ் 2 என்னும் விழித்திரைக் கருவியைத் தயாரித்தது. அமெரிக்க அரசு 2013இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டனர். 2019இல் நிறுவனம் உற்பத்தியைக் கைவிட்டது. மறு ஆண்டே பணச் சிக்கலில் பெரும்பாலான ஊழியரை வேலையிலிருந்து நீக்கியது. கருவி கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதைப் பழுதுபார்க்க வேண்டியவர்கள்தான் இல்லாமற்போனார்கள். கைப்பேசி நிறுவனம் மூடினால் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். இவர்கள் எதை வாங்குவது? உடலோடு சேர்ந்துவிட்ட கருவியின் பராமரிப்பை, விற்பனைக்குப் பிந்தைய சலுகையாக அல்லாமல், சிகிச்சையின் பகுதியாகவே சட்டம் கருதவேண்டும் என்பது என் கருத்து.

அடையாளம் பற்றிய கேள்வியும் இதனுடன் வருகிறது. அமெரிக்கக் காதுகேளாதோர் தேசியச் சங்கம், குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவதை 1991இல் கடுமையாக எதிர்த்தது. 2000இல் அந்த நிலைப்பாட்டைத் தளர்த்திக்கொண்டது. சைகை மொழியையும் அதைச் சார்ந்த வாழ்வையும் குறையென்று மருத்துவம் தீர்ப்பளிப்பதை அவர்கள் ஏற்கவில்லை. கருவி பொருத்திய பிள்ளைக்குச் சைகை மொழி கூடாது என்று சொல்லும் சக வல்லுநர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறங்கும்போது செயலியைக் கழற்றிவைத்தால் அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது. பேட்டரி தீர்ந்தாலும் அப்படித்தான். அந்நேரங்களில் அம்மாவோடு பேச அதற்கும் ஒரு மொழி வேண்டும்.