வெள்ளம் தாங்கும் நெல் யாருக்குச் சொந்தம்?

காவிரிப் படுகையில் சம்பா நடவு முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தால், இளம்பயிர் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடக்கும். அப்போது பயிருக்குள் எத்திலீன் வாயு தேங்கும். அது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தூண்டிவிட, தண்டும் இலையும் மேற்பரப்பைத் தேடி நீளும். சேர்த்துவைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துபோவதால், தண்ணீர் வடிந்ததும் பயிர் துவண்டு சாய்ந்துவிடும். சப்-1ஏ மரபணு உள்ள நெல் அப்படி நீள்வதில்லை. வளர்ச்சியை நிறுத்திவைத்து, இருப்பைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்கிறது. இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தும் பிறகு புதுத் துளிர் விடுகிறது.

இந்த மரபணு ஒடிசா உழவர்கள் காலங்காலமாகப் பயிரிட்ட ஒரு நாட்டு நெல்லுடையது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ ரகம் வெள்ளம் தாங்கும், மகசூல்தான் குறைவு. தாங்கும் திறன் ஒன்பதாம் குரோமோசோமில் இருப்பது 1996இல் தெரியவந்தது. 2006இல் மரபணுவையே இனங்கண்டார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அந்த மரபணு உள்ள நெல்லை ஆந்திரத்தின் சுவர்ணா ரகத்தோடு ஒட்டுச்சேர்த்தது. வந்த சந்ததியை மறுபடி மறுபடி சுவர்ணாவோடே சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏ அடையாளம் பார்த்துப் பொறுக்கியது. சுவர்ணா சப்-1 இந்தியாவில் 2009இல் வெளியானது. அதே மரபணு சேர்ந்த சி.ஆர். 1009 சப்-1 இன்று டெல்டா வயல்களில் விளைகிறது.

பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் மரபணுக்களுக்குக் காப்புரிமை கேட்போரும் உண்டு. பாக்டீரியாவில் குளிரதிர்ச்சியின்போது, அதாவது திடீர்க் குளிர் தாக்கும்போது, உருவாகும் புரதத்தைச் செடிக்குள் கொண்டுவந்தால் அது வறட்சி, உப்பு, வெப்பத்தைத் தாங்கும் என்று அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோ இந்தியாவில் விண்ணப்பித்தது. காப்புரிமை அலுவலகம் மறுத்தது. மேல்முறையீட்டைச் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013 ஜூலையில் தள்ளுபடி செய்தது. அந்தப் புரதம் ஏற்கெனவே அறியப்பட்டது, அதைச் செடியில் பயன்படுத்துவதில் கண்டுபிடிப்புக்குரிய புதுமை இல்லை என்பது காரணம். ஆனால் 'இது வெறும் உயிரியல் செயல்முறை, அதற்குக் காப்புரிமை இல்லை' என்ற அலுவலகத்தின் வாதத்தை வாரியம் ஏற்கவில்லை. மனிதக் கை பட்டிருக்கிறது என்றது. நம் சட்டப்படி செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது. உண்மையிலேயே புதிதான ஒரு முறைக்குக் கிடைக்கக்கூடும்.

காப்புரிமை வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும், பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். பதிவு செய்யாத ஏழை நாட்டில் அதே நுட்பத்தை யாரும் பயன்படுத்தலாம். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமும், காப்புரிமை தரும் கடமையிலிருந்து மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு 2034 ஜூலை 1 வரை விலக்கு தந்திருக்கிறது. ஆக, பல நாடுகளில் காப்புரிமை ஒரு தடையே இல்லை. ஆனாலும் நுட்பம் தானாக வந்து சேர்வதில்லை. காப்புரிமை ஆவணத்தில் செய்முறை இருக்கும்; அதைச் செய்யத் தெரிந்த ஆளும், ஆய்வுக்கூடமும், விதை பெருக்கும் பண்ணையும் அதில் இருக்காது. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். காப்புரிமையை மட்டும் குற்றஞ்சாட்டும் பேச்சில் இது மறைந்துபோகிறது.

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். அதே குளிரதிர்ச்சிப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த மரபணு உள்ள மக்காச்சோளத்தை, 2008இல் தொடங்கிய ஒரு திட்டத்துக்கு மான்சாண்டோ உரிமத் தொகை இல்லாமலே கொடுத்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளுக்கான திட்டம் அது. பணம் கேட்கவில்லை, ஆனாலும் மரபணு மாற்றப் பயிர் என்பதால் உயிரியல் பாதுகாப்பு அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. முதலில் உழவர் கைக்கு வந்தவை, அதே திட்டத்தில் வழக்கமான முறையில் உருவான வறட்சி தாங்கும் வீரிய ஒட்டுரகங்கள்தான்.

அவற்றின் விதையையும் எடுத்துவைத்து விதைத்தால் அடுத்த தலைமுறையில் பண்புகள் சிதறி மகசூல் விழும். காப்புரிமை இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. நல்ல வயலில் எடுத்த விதைநெல் தாயைப் போலவே விளையும். போதாததற்கு, இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், வணிக முத்திரை இல்லாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. அதனால் சப்-1 நெல் ஒரு வயலில் தேறினால், அடுத்த பட்டத்துக்குப் பக்கத்து வயல்காரர் அங்கேயே விதைநெல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.