அவுட்புட் வால்வு வாங்குவதற்கு முன் மீட்டரை எடுங்கள்

முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, கல்யாணம், கோயில் திருவிழா என்று வருஷத்தில் சில நாட்கள்தான் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் முழுதாகத் திறக்கின்றன. ஊருக்கு வந்த பேரப்பிள்ளைகள் இரண்டாங்கட்டில் துணி போர்த்திக் கிடக்கும் ரேடியோகிராமை, அதாவது ரேடியோவும் இசைத்தட்டு பிளேயரும் சேர்ந்த பெட்டியை, பார்ப்பார்கள். துணியை விலக்கி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போடுவார்கள். மறுநாள் காலை எனக்கு போன் வரும். "அண்ணே, அவுட்புட் வால்வு போயிருச்சு, எந்தக் கம்பெனி வாங்கலாம்?"

டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் ஓட்டிய கண்ணாடிக் குழாய்தான் வால்வு; அதில் ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுப்பது அவுட்புட் வால்வு. காரைக்குடியில் வால்வு செட் பழுது பார்க்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கம்பெனியைப் பற்றி அப்புறம் பேசலாம். பழைய வால்வு ஏன் போனது என்று தெரியாமல் புது வால்வு வாங்கினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "எங்க மாமனார் பினாங்குல இருந்து கப்பல்ல கொண்டாந்தது தம்பி" என்றார் ஆச்சி. ஒரே ஒரு இஎல் 84 அவுட்புட் வால்வில் ஓடும் செட். பேரன் இணையத்தில் தேடி, நல்ல விலை கொடுத்து அடுத்தடுத்து இரண்டு வால்வு வாங்கிப் போட்டிருந்தார். இரண்டிலும் கால் மணி நேரத்தில் சத்தம் கரகரத்து, உள்ளே இருக்கும் பிளேட் என்ற உலோகத் தகடு அடுப்புக் கங்குபோலச் சிவந்துவிட்டது. அவர் மூன்றாவதாக இன்னும் விலை கூடிய வால்வு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்.

முதலில் செட்டின் பின்பக்கம் பார்த்தேன். வோல்டேஜ் செலக்டர் 220-இல் நின்றது. சுவர் பிளக்கில் மீட்டர் 245 காட்டியது. 220-க்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மருக்கு 245 கொடுத்தால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஏழு வோல்ட் போகும், பிளேட்டுக்குப் போகும் ஹைடென்ஷன் 250 இருக்கவேண்டியது 278-ஐத் தொடும். நம் ஊரில் ராத்திரி லோடு குறைந்ததும் வோல்டேஜ் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செலக்டரை 240-க்கு மாற்றினேன். செலவு இல்லை, ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

பிளேட் சிவக்க அது மட்டும் காரணமாக இருக்காது என்று தோன்றியது. செட்டை அணைத்து அதில் இருந்த வால்வைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து சாக்கெட்டில் இரண்டாவது பின்னைப் பார்த்தேன். அது கன்ட்ரோல் கிரிட், வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை. கேத்தோடு என்ற முனையில் உள்ள ரெசிஸ்டரே வால்வின் கரண்டை அளவாக வைக்கும் இந்த மாதிரி கேத்தோடு பயஸ் செட்டில் வால்வு இல்லாதபோது அங்கே பூஜ்யம்தான் இருக்கவேண்டும். மீட்டர் பிளஸ் 8 வோல்ட் காட்டியது. அவுட்புட் வால்வுக்கு முன்கட்டத்தில் இருக்கும் வால்வின் பிளேட்டில் இருந்து வரும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது என்று அர்த்தம். பாட்டை மட்டும் விட்டு டிசியை, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை, தடுப்பதுதான் அதன் வேலை. மெழுகு பூசிய அந்தக் காலத்துப் பேப்பர் கண்டென்சர்கள் வயதானால் டிசியையும் கொஞ்சம் விட்டுவிடும். கிரிட்டில் பிளஸ் வந்தால் வால்வு கட்டுக்கடங்காமல் கரண்ட் இழுக்கும், பிளேட் சிவக்கும். நீங்கள் எந்த நாட்டு வால்வு போட்டாலும் இதுதான் கதை.

பேரனுக்கு நம்பிக்கை வர கணக்கையும் காட்டினேன். கேத்தோடு ரெசிஸ்டர் 150 ஓம். வால்வைப் போட்டு அதன் இரு முனையிலும் அளந்தால் 13 வோல்ட். 13-ஐ 150-ஆல் வகுத்தால் சுமார் 87 மில்லி ஆம்பியர். ஸ்க்ரீன் என்ற இன்னொரு கிரிட்டுக்கு ஒரு 9 கழித்தால் பிளேட்டுக்கு 78. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 235 வோல்ட். பெருக்கினால் 18 வாட்டுக்கு மேல். இஎல் 84-இன் பிளேட் தாங்குவது 12 வாட். சட்டென்று அணைத்துவிட்டேன்.

630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் ஒன்று மாற்றினேன். டீ, வடைக்கு ஆகிற காசு. பிறகு அதே ரெசிஸ்டரில் 7.5 வோல்ட், அதாவது 50 மில்லி ஆம்பியர். ஸ்க்ரீனைக் கழித்துப் பெருக்கினால் 11 வாட்டுக்குள் நின்றது. அப்புறம்தான் எந்த வால்வு என்று பேசினோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் சொன்ன அளவுகள் எல்லாம் 300 வோல்ட் வரை இருக்கும் இடத்தில் எடுப்பவை. பிளக்கை உருவிய பிறகும் பெரிய கண்டென்சரில் அது தங்கியிருக்கும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு செட்டை ஓட்டவும் வேண்டாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே ஷார்ட் ஆனால், வால்வு விலை ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

சரி, வாங்குவதற்கு வருவோம். கண்ணாடியில் இருக்கும் நம்பரும் பின்னும் பொருந்தினால் மட்டும் போதாது. இஎல் 84-ம் யுஎல் 84-ம் ஒரே ஒன்பது பின் வால்வுகள், பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி. ஆனால் முன்னதன் ஹீட்டர் 6.3 வோல்ட், பின்னதற்கு 45 வோல்ட். 6பிக்யூ5 என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அது இஎல் 84-இன் அமெரிக்கப் பெயர்.

மைக் செட் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. 6எல்6 வால்வு இருந்த பழைய ஆம்ப்ளிஃபயரில் "சத்தம் தூக்கும்" என்று இஎல் 34-ஐயோ கேடி 88-ஐயோ சொருகுவார்கள். எட்டுப் பின் சாக்கெட், சுலபமாக உட்காரும். 6எல்6-இன் ஹீட்டர் 0.9 ஆம்பியர் எடுக்கும், இஎல் 34 1.5, கேடி 88 1.6. நாலு வால்வு ஆம்ப்ளிஃபயரில் இரண்டரை ஆம்பியர் கூடினால் அரை நூற்றாண்டு டிரான்ஸ்ஃபார்மர் என்ன ஆகும்? இஎல் 34-க்கு ஒன்றாம் பின்னை எட்டாம் பின்னோடு இணைக்கவும் வேண்டும். 6எல்6 சாக்கெட்டில் அந்தக் கம்பி பெரும்பாலும் இருக்காது. பெரிய வால்வு போட்டதால் மட்டும் வாட் கூடிவிடாது, சப்ளையும் டிரான்ஸ்ஃபார்மரும் கொடுப்பதுதான் வரும்.

ஜோடி சேர்ந்து வேலை செய்யும் புஷ்-புல் ஆம்ப்ளிஃபயருக்கு மேட்ச் செய்த வால்வு வாங்குங்கள். இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுத்தால்தான் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் அது சமமாகி அடங்கும். இல்லாவிட்டால் ஹம் என்ற உறுமல் ஏறும், கனமான சத்தங்கள் கலங்கும். கிரிட்டுக்குத் தனியாக மைனஸ் வோல்டேஜ் கொடுக்கும் ஃபிக்ஸட் பயஸ் என்றால் புது வால்வு போட்டதும் பயஸை மறுபடி செட் செய்தே ஆகவேண்டும். ஆச்சி வீட்டு செட் போல ஒற்றை வால்வுக்கு மேட்சிங் என்று கூடுதல் காசு கொடுப்பது வீண்.

முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் சில சமயம் வால்வுகள் கிடைக்கும். பெங்களூரு பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரித்தவை கிடைத்தால் நான் யோசிக்காமல் எடுப்பேன். கண்ணாடியின் உள்ளே வெள்ளிபோன்ற பூச்சு பளபளவென்று இருக்கவேண்டும். பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். ஓடும்போது கண்ணாடியின் உட்சுவரில் மெல்லிய நீல ஒளி தெரிந்தால் கவலை வேண்டாம். நடுவே பிளேட்டுக்குள் ஊதாவாகப் புகைந்தால் வாயு சேர்ந்துவிட்டது.

பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அமெரிக்காவின் டங்-சோல், இங்கிலாந்தின் முல்லார்டு என்ற பழைய கம்பெனிகளின் பெயரில் இன்று புதிதாக வருபவை ரஷ்யாவின் சரத்தோவ் ஆலையில் செய்தவை. மோசம் என்று சொல்லவில்லை, நானே போடுகிறேன். ஆனால் இங்கிலாந்துப் பழைய வால்வின் விலையைக் கொடுக்காதீர்கள். அசல் பழைய முல்லார்டின் அச்சு விரல் பட்டாலே அழியும். ஓடித் தேய்ந்த வால்வில் எழுத்து மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒருமுறை இணையத்தில் அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன் நான்.

கடைசியில் ஆச்சி வீட்டில் மூன்றாவது வால்வு வாங்கவே இல்லை. பேரன் வாங்கியதில் இரண்டாவது தேறியது, அதுதான் இப்போது ஓடுகிறது. பினாங்கில் இருந்து வந்த முதல் வால்வை அவர்கள் தூக்கிப் போட இருந்தார்கள். கேட்டு வாங்கி வந்து பெஞ்சில் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் களைத்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது பள்ளத்தூரில் ஒரு ரேடியோவில் பாடுகிறது.