சந்தனத்துக்குப் பக்கத்தில் என்ன செடி இருக்கிறது?

"சந்தனம் நட்டு ஒன்றரை வருஷம் ஆச்சுங்க, இலை மஞ்சளாவே நிக்குது, என்ன உரம் போடலாம்?" இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, பக்கத்தில் என்ன செடி இருக்கிறது என்றுதான். "ஒண்ணும் இல்லைங்க, புல் பூண்டு இல்லாம சுத்தமா வெச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பிரச்சினையே அந்தச் சுத்தம்தான்.

சந்தனம் ஒரு வேர் ஒட்டுண்ணி, அதிலும் அரை ஒட்டுண்ணி. பச்சை இலை இருப்பதால் மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் தழைச்சத்து போன்றவற்றுக்கு அடுத்த செடியின் வேரை நம்பித்தான் இருக்கிறது. செழிப்பான கன்றின் அடியில் மண்ணை மெதுவாக விலக்கிப் பாருங்கள். சந்தன வேர் பக்கத்தில் நட்ட துவரையின் வேரைத் தொடும் இடத்தில் பருப்பு அளவுக்கு வெளிறிய முடிச்சு ஒன்று கவ்விக்கொண்டிருக்கும், அதன் நடுப்பகுதி துவரை வேருக்குள்ளேயே இறங்கியிருக்கும், தண்ணீரும் சத்தும் போவது அந்த வழியாகத்தான். புல் முதல் பெரிய மரம் வரை 300-க்கும் மேற்பட்ட செடிவகைகளோடு இது இப்படி ஒட்டும்.

நாற்றுப் பையில் சந்தனத்தோடு பொன்னாங்கண்ணியோ துவரையோ இருந்தால் அது களை இல்லை, தயவுசெய்து பிடுங்காதீர்கள். கன்றை மூடும் அளவுக்கு வளர்ந்தால் நுனியைக் கத்தரித்தால் போதும். தோட்டத்தில் நடும்போது ஓரிரு அடி தள்ளித் துவரை ஊன்றுங்கள். துவரை ஓரிரு வருஷத்தில் போய்விடும், அதற்குள் நீண்டகாலத் துணையாகச் சவுக்கு போன்ற ஒன்று வேர்பிடித்திருக்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். அப்புறம், துணை மரம் நிழல் கட்டினால் கிளையைக் கழியுங்கள், மரத்தையே வெட்டிவிடாதீர்கள். சந்தனம் உறிஞ்சுவதால் சவுக்கு செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வலுவான மரம் தாங்கும். துவரை கொஞ்சம் தளரும்.

2002-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்றான பிறகு கன்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். கோடிக் கணக்குச் சொல்பவர்களில் பலர் துணைச்செடியைப் பற்றி வாயே திறப்பதில்லை, அது எனக்கு உண்மையாகவே கோபம் வரவைக்கிறது. ஏனென்றால் வைரம், அதாவது மணமுள்ள நடுக்கட்டை, பாயத் தொடங்கவே ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும், முதல் இரண்டு வருஷம் பட்டினி கிடந்த கன்றை நம்பி ஒரு குடும்பம் அத்தனை காலம் காத்திருக்கக் கூடாது.

மஞ்சளாக நிற்கும் கன்று உங்களிடம் இருந்தால் உரத்துக்கு ஓடாதீர்கள், வரும் மழையிலேயே பக்கத்தில் துவரை விதையுங்கள்.