செவ்வாயில் பள்ளம் விற்பனைக்கு இல்லை

போன வாரம் கோளரங்கத்துக்கு இன்னொருவர் சட்டம் போட்ட சான்றிதழோடு வந்துவிட்டார். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு மகள் பெயரை வைத்திருக்கிறாராம், தொலைநோக்கியில் காட்ட வேண்டுமாம். (எங்கள் தொலைநோக்கியில் செவ்வாயின் எந்தப் பள்ளமும் தெரியாது. அது தனிக் கதை.) குழந்தை பக்கத்திலேயே நிற்கும்போது என்னத்தைச் சொல்வது?

இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோள்களின் நிலப்பரப்புக்குப் பெயர் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியம். அது பெயரை விற்பதில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது, விற்றவர் தன் கணினியில் எழுதிவைத்த ஒரு வரி. அதே பள்ளத்தை இன்னொரு கடைக்காரர் நாளைக்கு வேறொருவருக்கு விற்கலாம். தங்க விளிம்பு, பதிவு எண், முத்திரை எல்லாம் அச்சகத்தில் கிடைப்பவை. செவ்வாயில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தியை இறக்கிய விஞ்ஞானிகளே கேல் பள்ளத்தின் நடுவிலுள்ள மலையை 'மவுண்ட் ஷார்ப்' என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அதன் பெயர் 'ஏயோலிஸ் மோன்ஸ்'. அவர்கள் கதையே இப்படி. நீங்கள் கட்டிய சில ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு?

பெயர் வைப்பதற்கென்று முறை இருக்கிறது. பாறைத் துண்டுகளாக உடைந்து கலைந்து கிடக்கும் கரடுமுரடான நிலத்தைக் 'கேயாஸ்' என்பார்கள். முன்னால் வரும் பெயர், பழைய தொலைநோக்கி வரைபடங்களில் அந்தப் பகுதிக்கு இருந்ததிலிருந்து வரும்: ஆரம் கேயாஸ், ஹைட்ராவோட்டிஸ் கேயாஸ். கேயாஸ் என்பது தோற்றத்தை மட்டும் குறிப்பது. அங்கே ஏதோ நகரம் அழிந்தது என்று வீடியோ போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பெரிய பள்ளங்களுக்கு மறைந்த விஞ்ஞானிகள் பெயர்; இறந்து 3 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். சின்னப் பள்ளங்களுக்குச் சிற்றூர்களின் பெயர். 2024இல் லால் (விஞ்ஞானி), முர்சான், ஹில்சா (ஊர்கள்) என்று மூன்று இந்தியப் பெயர்கள் சேர்ந்தன. அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் முன்மொழிந்து கிடைத்தவை அவை. ஆய்வுக்கு ஓர் இடத்தைக் குறிப்பிட்டுப் பேசவேண்டிய தேவை வந்தால்தான் பெயரே வைப்பார்கள்.

சந்தேகமா? அமெரிக்க நிலவியல் ஆய்வகம் பராமரிக்கும் கோள்பெயர்ப் பட்டியல் இணையத்தில் இலவசம். அதில் இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். பிள்ளையின் பெயர் செவ்வாய்க்குப் போக வேண்டுமா? நாசா அவ்வப்போது காசு வாங்காமலே சிப்பில் ஏற்றி அனுப்புகிறது. பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் ஒரு கோடிக்கும் மேல் போயின.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, வீட்டுச் சுவரில் இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளிக் கண்காட்சியில் 'சர்வதேச அங்கீகாரம்' என்று எழுதி மட்டும் மாட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.