உரிமம் வேண்டாத துப்பாக்கியும் துப்பாக்கிதான்

மாங்காய் முற்றத் தொடங்கும் சித்திரையிலிருந்து ஆடி வரை, கிருஷ்ணகிரிப் பக்கம் கண் மருத்துவம் பார்ப்பவர்களுக்கென்று ஒரு தனிப் பருவம் உண்டு. கிளியையும் குரங்கையும் விரட்டுவதற்காகத் தோப்பில் ஒரு ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) வாங்கி வைக்கிறார்கள். கோடை விடுமுறையில் அது பிள்ளைகளின் கைக்குப் போகிறது. பிறகு அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறான். சென்ற மாதம் அப்படி வந்த சிறுவனுக்குப் பதினோரு வயது. காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள ஒரு தோப்பில், பாறைமேல் வைத்த எண்ணெய் டப்பாவை அவனுடைய பெரியப்பா மகன் சுட்டிருக்கிறான். டப்பாவுக்குக் குறி தவறி, பாறையில் பட்டுத் திரும்பிய ஈய ரவை பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவனின் இடது கண்ணுக்குள் போய்விட்டது. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இமையில் எள்ளளவு காயந்தான் இருந்தது என்பதால், வீட்டில் இரண்டு நாள் தாய்ப்பால் விட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் அழைத்து வந்தார்கள். இன்று அந்தக் கண்ணுக்கு டார்ச் வெளிச்சம் அடிப்பது மட்டும் தெரிகிறது.

அவனுடைய அப்பா அன்றைக்குச் சொன்ன ஒரு வாக்கியந்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத உட்கார வைத்தது: "கடையில லைசென்சே வேண்டாம்னு சொன்னாங்க டாக்டரம்மா, பொம்மை மாதிரிதானேன்னு வாங்கிட்டேன்." இதே வாக்கியத்தைச் சொல் மாறாமல் நான் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எதிரே இருப்பவரின் துயரத்தைப் பார்த்துப் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இனி விடுவதாக இல்லை.

உரிமம் வேண்டாம் என்பதற்கும் ஆபத்து இல்லை என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் வீட்டு அரிவாள்மனைக்குக்கூட உரிமம் வேண்டாம். அதற்காக அதை யாரும் பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் வெளியேறும் ரவையின் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அலகு) அளவையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் கேட்பதில்லை. இந்த 20 ஜூல் என்பது என்ன என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டியில் சுடும் ஏர் ரைஃபிள் அரை கிராம் எடையுள்ள ஈய ரவையை நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. அதன் ஆற்றல் ஏழு ஜூல் அளவைச் சற்றே தாண்டும். ஆக, பொம்மை என்று நீங்கள் நினைத்து வாங்கும் பொருள், ஒலிம்பிக் வீரர் கையில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றலோடு சட்டப்படியே இருக்கலாம். மனிதக் கண்ணைத் துளைக்கவோ நொடிக்கு 100 மீட்டருக்கும் குறைந்த வேகமே போதும். கணக்கை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு "துப்பாக்கி என்றாலே டாக்டருக்கு ஆகாது" என்று சிலர் பேசுவார்கள். நான் கல்லூரியில் என்.சி.சி. மாணவியாக இருந்தபோது பாயின்மேல் குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் முதல் தோட்டாவைச் சுட்டவள். இன்றும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தானிய மூட்டைகளை அடுக்கும் நீளமான கொட்டகையில், 10 மீட்டர் அளந்து கோடு போட்டு ஏர் ரைஃபிள் சுடுகிறேன். நல்ல துப்பாக்கி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் வேலைப்பாட்டின் மீது வரும் மோகம் எனக்கும் உண்டு. குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் வரிப்பள்ளங்கள் ரவையைச் சுழற்றி நேராகப் போகச் செய்கின்றன. அந்த ரவையோ உடுக்கையைப்போல இடை சிறுத்து, பின்பகுதி பாவாடைபோல விரிந்து, காற்று ஒழுகாமல் குழலை அடைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. விரல் வைக்கும் விசை எந்த இடத்தில் விடுபடும் என்பது விரலுக்கே பழகிப்போகிற அளவுக்குத் துல்லியமாக இருக்கும். ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்யும் வால்தர், ஆன்ஷுட்ஸ் ரைஃபிள்களையும், ஓபர்ன்டோர்ஃபில் செய்யும் ஃபைன்வெர்க்பாவ் ரைஃபிள்களையும் பிரித்துப் பார்த்த நண்பர் ஒருவர், கைக்கடிகாரம் செய்கிறவன் கைவேலை இது என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கண் மருத்துவருக்கு இந்த விளையாட்டில் கூடுதலாக ஒரு சுவாரசியம் இருக்கிறது. பத்து மீட்டர் ரைஃபிள் இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் இடம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. கேழ்வரகு மணியைவிடச் சிறியது. அதைக் கண்ணால் பிரித்துப் பார்ப்பது யாராலும் முடியாது, பார்க்க வேண்டியதும் இல்லை. துப்பாக்கியின் மேல் குறிபார்க்க வைத்த பின்புறத் துளை, குழல் முனையிலுள்ள முன்புற வளையம், தொலைவில் இலக்கிலுள்ள கறுப்பு வட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்கும்படி நம் கண் அமையவில்லை என்பதால், தேர்ந்தவர்கள் முன்புற வளையத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டு இலக்கைச் சற்று மங்கலாக விட்டுவிடுகிறார்கள். பின்புறத்திலுள்ள சிறு துளை, எங்கள் மருத்துவமனையில் பார்வை குறைந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் துளைத் தட்டு செய்கிற அதே வேலையைத்தான் செய்கிறது. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் குறி தவறுகிறது என்று துப்பாக்கியை மாற்றுகிறார்கள். முதலில் கண்ணாடியை மாற்றுங்கள். சுடாத கண்ணை இறுக மூடிக்கொள்வதும் தவறு, மூடிய கண்ணின் இறுக்கம் திறந்த கண்ணையும் கெடுக்கும். அதன் முன்னால் ஒரு வெள்ளை அட்டையைத் தொங்கவிட்டால் போதும்.

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும், 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்குகளில் களமிறங்கியதும் இதே 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிகளில்தான். தோப்புக்காரர் பொம்மை என்கிற பொருளை அவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறமுள்ள ஒரு இழை செருகியிருக்கும். குழல் காலி என்று அரங்கில் உள்ள அனைவரும் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதற்காக. கட்டளை வராமல் ரவை போட மாட்டார்கள். இலக்கைப் பார்த்துக் குறிவைக்கும் வரை விரல் விசைக்குப் போகாது. யாராவது இலக்கின் பக்கம் நடந்தால் எல்லோருடைய துப்பாக்கியும் கீழே இருக்கும்.

நம் ஊர்த் தோப்பில் நடப்பதைச் சொல்லித் திட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. இது கருங்கல் பூமி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. அந்தப் பாறையின் மீதே டப்பாவை வைத்துச் சுடுகிறீர்கள். ஈய ரவை கல்லில் பட்டு நசுங்கித் தெறிக்கும், இரும்பு உருண்டை ஏறத்தாழ அப்படியே திரும்பி வரும். இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டையோ, பழந்துணியை இறுக்கி அடைத்த மரப்பெட்டியோ இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஆள் நடக்கும் பாதை இருக்கக் கூடாது. சுடுகிறவரும் பக்கத்தில் நிற்கிறவரும் பாலிகார்பனேட் என்னும் எளிதில் உடையாத பிளாஸ்டிக்கில் செய்த கண்ணாடி அணிய வேண்டும். நீங்கள் தினமும் போடும் மூக்குக்கண்ணாடி ரவை பட்டால் சில்லுச் சில்லாக உடைந்து, அந்தச் சில்லையும் சேர்த்து நான் எடுக்க வேண்டியிருக்கும். துப்பாக்கியும் ரவையும் வெவ்வேறு இடங்களில் பூட்டியிருக்கட்டும். பிள்ளைக்கு ஆசை இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொடுங்கள், பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்க வேண்டாம்.

பறவைகளைச் சுடுவது பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. மயிலையோ கிளியையோ சுடுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலை ஊர்களில் இன்னும் ஒளித்து வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றியும் அவ்வளவுதான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி சிறைக்குரியது. அதைவிட, மருந்து கெட்டித்த பழைய குழல் பின்பக்கமாக வெடித்து, சுட்டவரின் முகம் முழுக்கக் கரிமருந்து புதைந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். போலீசார் ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

இவ்வளவுக்குப் பிறகும் கண்ணில் அடிபட்டால், கசக்காதீர்கள், தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், எதையும் பிடுங்க முயலாதீர்கள், தாய்ப்பாலும் எண்ணெயும் சொட்டு மருந்தும் விடாதீர்கள். கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்து ஒட்டி, அன்றைக்கே, இரவானாலும், கண் அறுவை செய்யும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். காயம் சிறியது, வலி இல்லை, பார்வை தெரிகிறது என்பதெல்லாம் காத்திருக்கக் காரணங்கள் ஆகா. இமையில் எள்ளளவு துளை இருந்தவனுக்கு ரவை விழியின் பின்சுவர் வரை போயிருந்தது. மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் வழியில் இட்லி வாங்கி ஊட்டாதீர்கள்; பிள்ளை அழுதாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ரவை வந்த டப்பாவையும் கையோடு எடுத்து வாருங்கள். உள்ளே இருப்பது ஈயமா இரும்பா என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்; இரும்பாக இருந்து, தெரியாமல் யாராவது எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்க வைத்துவிட்டால், அந்தக் காந்தம் ரவையைக் கண்ணுக்குள்ளேயே இழுத்து நகர்த்திவிடும்.