எதை முதலில் சரிசெய்வது? வேலையிட ஆபத்துகளுக்கு மதிப்பெண் போடும் முறை

ஒரு வேலையிடத்தைச் சுற்றிவந்து கண்ணில் பட்ட ஆபத்துகளை எழுத ஆரம்பித்தால் அரைமணி நேரத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். ஆடும் படிக்கட்டுக் கைப்பிடி, தோல் உரிந்த ஒயர், கார்டு (பாதுகாப்பு மூடி) கழற்றிய மிஷின் பெல்ட், தரையில் எண்ணெய். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய ஆளும் கிடைக்காது, பணமும் கிடைக்காது. எது இன்றைக்கே, எது அடுத்த மாதம் என்று வரிசைப்படுத்தத்தான் ரிஸ்க் மதிப்பீடு.

ஆபத்து வேறு, ரிஸ்க் வேறு. பூட்டிய அறையில், மூடி இறுக்கிய அமில டிரம் ஆபத்தான பொருள்தான். ஆனால் யாரும் அதன் பக்கம் போவதில்லை. அதையே மூடி சரியில்லாமல் ஆள் நடக்கும் வழியில் வைத்தால் ரிஸ்க் ஏறிவிடுகிறது.

கணக்கு எளிது. விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசமாக முடியும் என்ற இரண்டு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்க வேண்டும். அதிகபட்சம் 25. பல இடங்களில் 15-க்கு மேல் போனால் சிவப்பு: சரிசெய்யும்வரை வேலையை நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே மஞ்சள், பச்சை. எந்த எண்ணில் நிறம் மாறும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். வேலையிடப் பாதுகாப்புக்கென 2018-இல் வந்த ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேசத் தரநிலைகூட இந்தப் பெருக்கல் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒரு கிடங்கு வாசலை எடுத்துக்கொள்வோம். ஃபோர்க்லிஃப்டும் ஆட்களும் அதே வாசலில்தான் போய்வருகிறார்கள். முன்னால் அடுக்கிய சரக்கு ஓட்டுநரின் பார்வையை மறைக்கிறது. வாய்ப்பு 4, விளைவு 5, மொத்தம் 20. நிர்வாகம் ஒரு குவிகண்ணாடி மாட்டி, எல்லோருக்கும் பளிச்சென்ற மேலங்கி கொடுத்துவிட்டு 2 பெருக்கல் 2, ஆகமொத்தம் 4 என்று பச்சை அடித்துவிடும். அந்த இரண்டாவது 2 எங்கிருந்து வந்தது? மேலங்கி போட்டவர் மேல் ஏறினாலும் வண்டியின் எடை அதேதான். விளைவு 5 அப்படியே நிற்கிறது; கொஞ்சம் இறங்கியது வாய்ப்பு மட்டும். ஆட்களுக்கெனத் தனி வாசல் திறந்து நடுவே கம்பித் தடுப்பு போட்டால் வாய்ப்பு 1 ஆகும் என்று நம்பலாம். ஒரு மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவதே, எந்த மாற்றமும் செய்யாமல் விளைவு எண் இறங்கியிருக்கிறதா என்பதைத்தான்.

பெருக்கலில் இன்னொரு கோளாறும் உண்டு. அடிக்கடி விரல் கீறும் வேலை 5 பெருக்கல் 1. எப்போதோ ஒருமுறை ஆளைக் கொல்லக்கூடிய வேலை 1 பெருக்கல் 5. இரண்டுக்கும் விடை 5, இரண்டும் பச்சை. அதனால் விளைவு 5 என்று வரும் எதையும் மொத்த எண்ணைப் பார்க்காமல் தனியாக எடுத்துப் பேச வேண்டும். மூடிய தொட்டிக்குள் இறங்கும் வேலை இப்படித்தான் தப்பிவிடுகிறது. "இத்தனை வருஷமா இறங்குறோம், ஒண்ணும் ஆகல" என்று சொல்லி வாய்ப்புக்கு 1 போட்டுவிடுவார்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று கணக்கு. அந்த வித்தியாசம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதைவிட மோசம்: அளவு கூடியதும் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக இறங்குவார். காப்பாற்றக் குதிப்பவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். கருவி வைத்து அளக்காமல் போட்ட 1 வெறும் ஊகம்.

எண் வந்தபிறகு என்ன செய்வது என்பதற்கும் வரிசை இருக்கிறது. ஆபத்தையே நீக்க முடியுமா, அபாயம் குறைந்த வேறொன்றை வைக்கலாமா, கார்டு அல்லது தடுப்பு போடலாமா, பயிற்சியும் வேலைமுறையும் மாற்றலாமா; இத்தனைக்கும் பிறகுதான் ஹெல்மெட்டும் கையுறையும். நடைமுறையில் பலரும் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள், கையுறை மலிவு என்பதால்.

இதில் தொழிலாளிக்கு என்ன உரிமை? வேலையிடப் பாதுகாப்பு பற்றிய, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை 1981-இல் நிறைவேறியது. 2022-இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச்சூழல் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது, இந்த உடன்படிக்கையும் அடிப்படை உடன்படிக்கையாக ஏற்கப்பட்டது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியாகக் கடும் ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகுபவரைத் தகாத பின்விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. அந்த ஆபத்து நீடித்தால், சரிசெய்யும்வரை திரும்பிப் போகச் சொல்லக் கூடாது என்கிறது 19-ஆம் பிரிவு. பாதுகாப்பு ஏற்பாட்டுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது 21-ஆம் பிரிவு. இவை உங்கள் இடத்தில் எப்படி அமலாகும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும்.

மதிப்பெண் போடும்போது மிஷினில் நிற்பவர் அந்த மேஜையில் இருக்க வேண்டும். ஜாம் ஆனால் மிஷினை நிறுத்தாமலே கையை விட்டு எடுப்பது, இரவு ஷிஃப்டில் ஒரு விளக்கு எரியாதது, போன வாரம் நூலிழையில் தப்பியது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். புது மிஷின் வந்தாலோ, ரசாயனம் மாறினாலோ, விபத்து நடந்தாலோ மறுபடியும் போட வேண்டும்.

உங்கள் இடத்துத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் எதிரே, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பாதுகாப்புக் கூட்டத்தில் அதையே முதல் கேள்வியாக வையுங்கள்.